பெருந்தொற்றும் நம் பொழுதுபோக்கும்: வேலூர் வட்டாரத்தார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவிட் தொடர்பான உலகளாவிய அவசரநிலையை உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று முடித்துக்கொண்டது. அதற்குப் பிறகும், காட்பாடியில் எங்கள் தெரு வாசகர் வட்டத்துக்கு வருபவர்களும் மாலையில் கேரம் ஆடக் கூடுபவர்களும் ஒரே பொருளைச் சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: இன்னொரு தொற்று வந்தால் நம் நடை, வாசிப்பு, கூத்து, விளையாட்டு எல்லாம் மறுபடியும் அப்படியே நின்றுவிடுமா? பெரியவர்கள் இன்றும் வட ஆற்காடு என்று சொல்லும் இந்தப் பகுதியின் அனுபவத்தை வைத்து, அவர்களுக்குச் சொன்ன விடைகளை இங்கே எழுதிவைக்கிறேன்.

உயிர் போகும் நேரத்தில் பொழுதுபோக்கைப் பற்றிப் பேசுவது பொருத்தமா?

பொருத்தம்தான். மூச்சுத் திணறலோடு மருத்துவமனை வாசலில் ஒருவர் காத்திருக்கும்போது கேரம் ஆட்டத்தைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்; பேசவும் கூடாது. ஆனால் தொற்று ஒரு வாரத்தில் முடிந்துவிடவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அலை அலையாக வந்தது. அத்தனை மாதங்களும் ஒரு மனிதர் வேலை, உணவு, உறக்கம், அச்சம் ஆகியவற்றை மட்டுமே வைத்துக்கொண்டு வாழ முடியாது. வேலையிலிருந்து ஓய்வுபெற்று, காலை நடையும் மாலை அரட்டையும் மட்டுமே ஊரோடு தன்னை இணைக்கும் கயிறாகக் கொண்டிருந்த முதியவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். அந்தக் கயிறு அறுந்த சில மாதங்களில் அவர்களுடைய நடை தளர்ந்தது, பேச்சும் குறைந்தது. பொழுதுபோக்கை உடல்நலத்தின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும் என்று நான் உறுதியாக நம்புவது அதனால்தான்.

2020 முதல் 2022 வரை எவையெல்லாம், எப்போது நிறுத்தப்பட்டன?

தமிழ்நாட்டில் திரையரங்குகள், நீச்சல் குளங்கள், உடற்பயிற்சிக் கூடங்கள், உயிரியல் பூங்காக்கள் ஆகியவை 2020 மார்ச் 17 முதலே மூடப்பட்டன. மார்ச் 22 அன்று மக்கள் ஊரடங்கு. மார்ச் 24 மாலையில் மாநிலத்தில் 144 தடை உத்தரவு. மறுநாள் முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. உடற்பயிற்சிக் கூடங்கள் அந்த ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று, 50 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு திறந்தன. திரையரங்குகள் நவம்பர் 10 அன்று பாதி இருக்கைகளுடன் திறந்தன. 2021 ஏப்ரலில் இரவு ஊரடங்கு, மே 10 முதல் முழு ஊரடங்கு, மே 24 முதல் தளர்வுகளே இல்லாத ஊரடங்கு என்று இரண்டாவது அலை எல்லாவற்றையும் மறுபடி மூடியது.

இந்தத் தேதிகளை எல்லோரும் ஓரளவு நினைவில் வைத்திருக்கிறார்கள். பலர் மறந்துவிட்ட ஒன்று ஞாயிற்றுக்கிழமை. 2020 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் ஞாயிறுகள் அனைத்தும் மாநிலம் முழுவதும் தளர்வில்லாத முழு ஊரடங்காக இருந்தன. 2021 ஏப்ரல் இறுதியிலும், 2022 ஜனவரியிலும் மறுபடி ஞாயிறு ஊரடங்கு வந்தது. தோல் தொழிற்சாலைக்கும் காலணித் தொழிற்சாலைக்கும் ஆறு நாள் சென்று வரும் ஆம்பூர், இராணிப்பேட்டைத் தொழிலாளிக்குப் பொழுதுபோக்கு என்பதே ஞாயிறுதான். வாரத்தில் ஒரு நாள் மூட வேண்டுமென்றால் அந்த நாளைத் தேர்ந்தெடுப்பது நிர்வாகத்துக்கு எளிது. அந்தத் தொழிலாளிக்கோ வேலை முழுவதும் மிஞ்சி, ஓய்வு முழுவதும் போயிற்று. அடுத்த திட்டத்தை எழுதுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

பூங்காவையும் மைதானத்தையும் மூட அரசுக்கு எந்தச் சட்டம் அதிகாரம் தருகிறது?

முக்கியமாக மூன்று சட்டங்கள். பம்பாயில் பிளேக் பரவியபோது இயற்றப்பட்ட 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம், 1939ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டம், 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம். இவை தரும் அதிகாரம் விரிவானது. எதை மூடலாம் என்பதற்கு இவற்றில் வழி இருக்கிறது. எதை முதலில், எந்த முறையில் திறக்க வேண்டும் என்பது அந்தந்த நேரத்து ஆணைகளுக்கு விடப்பட்டிருக்கிறது.

எந்தப் பொழுதுபோக்கில் ஆபத்து அதிகம், எதில் குறைவு?

பொழுதுபோக்கின் பெயரைப் பார்க்காமல், அது நடக்கும் இடத்தின் காற்றைப் பார்க்க வேண்டும். கோவிட் கிருமி பெரும்பாலும் மூச்சுக் காற்றின் வழியாகப் பரவியது என்பதை 2021இல் உலக சுகாதார நிறுவனமும் தெளிவாக எழுதியது. தொட்ட பொருளால் தொற்று வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதே ஆண்டு ஏப்ரலில் கூறியது. தொடக்க மாதங்களில் நாமோ கேரம் காய்களை ஒவ்வொன்றாகச் சோப்பு நீரில் கழுவிக்கொண்டு, சன்னலைச் சாத்திய அறையில் நான்கு பேர் தலையோடு தலை முட்ட உட்கார்ந்து ஆடினோம். அதே பலகையை மொட்டை மாடிக்கோ வேப்பமரத்தடிக்கோ கொண்டு சென்று, காய்களைக் கழுவாமலே ஆடியிருந்தால் பாதுகாப்பு கூடியிருக்கும்.

ஒரே விளையாட்டு இடத்தைப் பொறுத்து மாறுவதைப் புரிந்துகொண்டால் மற்றவை தெளிவாகும். திறந்த வெளியில் தனியாக நடப்பதும் மிதிவண்டி ஓட்டுவதும் பட்டியலின் ஒரு முனை. குளிர்சாதன அறையில் பலர் சேர்ந்து உரக்கப் பாடுவதும் மூச்சிரைக்க உடற்பயிற்சி செய்வதும் மறு முனை. ஒன்றை மறக்க வேண்டாம்: அடுத்த தொற்று வேறு வழியில் பரவலாம். கொசுவால் பரவுவதாக இருந்தால் மாலை நேர மரத்தடியே சிக்கலான இடமாகிவிடும். ஆகவே, நோய் எவ்வழியில் பரவுகிறது என்பதை அரசு முதல் வாரத்திலேயே எளிய தமிழில் சொல்லிவிட வேண்டும். அதைக் கேட்டறிந்த மக்கள் தங்கள் பொழுதுபோக்கைத் தாங்களே மாற்றிக்கொள்வார்கள்.

வேலூர்க் கோட்டைப் பூங்காவில் நடைப்பயிற்சி செய்பவர்களுக்கு என்ன வழி?

கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அத்துறை நாடெங்கும் தன் நினைவுச் சின்னங்களை 2020 மார்ச் 17 அன்றும், மறுபடி 2021 ஏப்ரல் 16 அன்றும் மூடியது. அருங்காட்சியக அறைகளை மூடியதை நான் ஏற்கிறேன். ஆனால் அகழியை ஒட்டிய திறந்த வெளியும் அடைத்த அறையும் ஒரே விதிக்குள் வந்தது எனக்கு ஏற்புடையதாக இல்லை. வேலூர் வெயிலில் காலை எட்டு மணிக்கு மேல் யாரும் நடக்க முடியாது. எனவே இங்கே நடப்பவர்கள் எல்லோரும் ஐந்தரையிலிருந்து ஏழரைக்குள் ஒன்றாகக் குவிகிறார்கள். அனுமதி நேரத்தைச் சுருக்கினால் நெரிசல் கூடும். விடியலுக்கு முன்பே திறந்து, இரவு ஒன்பது மணி வரை விளக்கெரிய விட்டு, ஒரே திசையில் சுற்றும்படி செய்வதே இந்த ஊருக்குப் பொருந்தும்.

இன்னொரு கூட்டத்தாரையும் இங்கே சொல்லியாக வேண்டும். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள் ஆகியவற்றிலிருந்து மருத்துவத்துக்காக வேலூருக்கு வருபவர்கள் மருத்துவமனையைச் சுற்றியுள்ள விடுதிகளில் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். 2020 ஊரடங்கில் அவர்கள் அப்படியே சிக்கிக்கொண்டார்கள். மே மாதத்தில் காட்பாடியிலிருந்து சிறப்பு ரயில்கள் விடப்பட்ட பிறகே பலர் ஊர் திரும்ப முடிந்தது. சமையலுக்கும் படுக்கைக்கும் ஒரே சிறிய அறை, மொழி தெரியாத ஊர், உடன் ஒரு நோயாளி. அவர்களுக்கு மாலையில் கோட்டையைச் சுற்றி நடப்பது ஒன்றுதான் ஆறுதல். நடைபாதை அனுமதி பற்றிய அறிவிப்பு வங்காளத்திலும் இந்தியிலும் ஒட்டப்பட வேண்டிய ஊர் இது.

தெருக்கூத்து என்ன ஆயிற்று? அதைப் பொழுதுபோக்கு என்று சொல்லலாமா?

பார்ப்பவருக்குப் பொழுதுபோக்கு, ஆடுபவருக்குப் பிழைப்பு, ஊருக்கு நேர்த்திக்கடன். மூன்றும் ஒன்றாக இருப்பதால்தான் தொற்றுக்காலம் இதை மிகக் கடுமையாகத் தாக்கியது. நம் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் மும்முரமாக நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து, முடிவில் துரியோதனன் வீழ்வதை நடித்துக் காட்டும் படுகளமும் தீமிதியும். 2020இல் ஊரடங்கு வந்தது பங்குனியில். 2021இல் இரண்டாவது அலை வந்தது சித்திரையில். மார்கழியில் வந்திருந்தால் ஓரளவு தாங்கியிருப்பார்கள். அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் பருவத்தின் நடுவிலேயே இடி விழுந்தது.

கூத்துக்குத் தாம்பூலம் வைத்து முன்பணம் கொடுத்துத் தேதி குறிப்பது வழக்கம். அந்த முன்பணத்தை வைத்துத்தான் கூத்துக் குழுவை நடத்தும் வாத்தியார் புதிய உடுப்பு வாங்குவார், முகவீணைக்காரரையும் மிருதங்கக்காரரையும் அந்தப் பருவத்துக்குப் பேசி வைப்பார். திருவிழா நின்றபோது முன்பணத்தைத் திருப்பிக் கேட்ட ஊர்களும் உண்டு, "அடுத்த வருஷம் வந்து ஆடிக் கொடுங்க வாத்தியாரே" என்று விட்டுவிட்ட ஊர்களும் உண்டு. ஆரணிப் பக்கத்துக் கூத்துக் கலைஞர் ஒருவர் வீட்டில், கூத்துக்கு அணியும் மர அணிகலன்களை வைக்கும் கட்டைப் பெட்டியைத் திறந்து காட்டினார். இலேசான மரத்தில் செதுக்கிய, தோளில் அணியும் புஜக்கட்டையிலும் கிரீடத்திலும் ஒட்டியிருந்த கண்ணாடிச் சில்லுகள் பசை விட்டுப் பெட்டியின் அடியில் உதிர்ந்து கிடந்தன. ஆடிக்கொண்டே இருந்தால் அவ்வப்போது ஒட்டிக்கொள்வோம், ஆடாமல் விட்டதால் எல்லாம் ஒரே நேரத்தில் விழுந்துவிட்டது என்றார். அந்த மாதங்களில் அவர் நூறு நாள் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போயிருந்தார்.

அரசு முன்கூட்டியே செய்யக்கூடியவை இருக்கின்றன. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்தவர்களை உதவி தேடிச் சென்று அடைய முடியும். பதியாதவர் கணக்கிலேயே வர மாட்டார். ஆகவே நோயில்லாத நாளில் ஒவ்வொரு ஒன்றியத்திலும் பதிவு முகாம் நடத்த வேண்டும். அடுத்ததாக, கூத்து திறந்தவெளிக் கலை என்பதை விதி எழுதுபவர்கள் உணர வேண்டும். அறுத்த வயலில் பாய் விரித்து, குடும்பம் குடும்பமாக இடைவெளி விட்டு அமர்ந்து பார்க்க முடிகிற கலையைத் திரையரங்கோடு ஒரே வரியில் சேர்ப்பது முறையாகாது. நோய் உச்சத்தில் இருக்கும்போது எதுவும் வேண்டாம். தணியத் தொடங்கியதும் முதலில் திறக்கப்பட வேண்டியவற்றில் கூத்துக்களம் இருக்கட்டும்.

மாடு விடும் விழாவுக்கு எப்படி அனுமதி கிடைத்தது?

தென் மாவட்டங்களில் மாட்டைத் தழுவுவார்கள். நம் பக்கத்தில் தெருவில் ஓட விட்டு, குறிப்பிட்ட தூரத்தை எத்தனை விநாடியில் கடக்கிறது என்று பார்ப்பார்கள். 2021 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஜல்லிக்கட்டு வகை விழாக்களுக்குப் பாதிப் பார்வையாளர்கள், பங்கேற்பவர்களுக்குத் தொற்று இல்லை என்ற சான்று ஆகிய நிபந்தனைகளோடு அனுமதி தந்தது. 2022 ஜனவரியில் பார்வையாளர் எண்ணிக்கை 150 பேர் வரை என்று இன்னும் குறைக்கப்பட்டது. முழுத் தடைக்கும் முழு அனுமதிக்கும் நடுவே ஒரு வழி உண்டு என்பதற்கு இது நல்ல சான்று. அதே நடுவழி கூத்துக்கும் நூலகத்துக்கும் கிடைத்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

நூலகம் மூடியிருந்தால் வாசகர் என்ன செய்வது?

நம் வீட்டு வரியோடு நூலக வரியாக 10 விழுக்காடு கட்டுகிறோம். 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். இத்தகைய பெருமை உள்ள மாநிலத்தில், ஊரடங்கு அறிவித்த நாளிலேயே கதவைப் பூட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. வாசிக்கும் அறை மூடியிருக்கட்டும். இரவல் கொடுக்கும் மேசையை வாசலுக்குக் கொண்டுவரலாம். காய்கறியை வண்டியில் வைத்துத் தெருத்தெருவாக விற்க மாநகராட்சி ஏற்பாடு செய்ததே, அதே போன்ற வண்டியில் வாரம் ஒரு முறை நூல்களும் வந்திருந்தால் எத்தனை வீடுகளில் வெளிச்சம் கூடியிருக்கும்! நூலகத்துக்கு வர இயலாதவர் வீட்டுக்குத் தன்னார்வலர் வழியாக நூல் கொண்டுசெல்லும் நூலக நண்பர்கள் திட்டம் 2022இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டது. அந்தத் தன்னார்வலருக்கு ஊரடங்கிலும் நடமாடும் அனுமதிச் சீட்டு உண்டு என்று ஒரு வரி ஆணையில் சேர்த்துவிட்டால் போதும்.

எங்கள் வட்டத்தில் நாங்கள் செய்ததையும் சொல்கிறேன். எட்டு வீடுகளில் இருந்த நூல்களின் பெயர்களை ஒரே நோட்டில் எழுதி, கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பினோம். வேண்டியவர் பெயரைச் சொன்னால் நூல் துணிப்பையில் திண்ணையில் இருக்கும். 340 நூல்கள் இருந்தன என்று அன்றுதான் எங்களுக்கே தெரிந்தது.

வீட்டிலேயே தொடரக்கூடியவை எவை?

மாடித் தோட்டம் முதலில் நினைவுக்கு வருகிறது. விதை, உரக் கடைகளுக்கு வேளாண்மைக்கான விலக்கு இருந்ததால் இது பெரிதும் தடைபடவில்லை. நம் ஊருக்கே உரிய இலவம்பாடி முள்ளுக் கத்தரி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அதைத் தொட்டியில் வளர்க்க முயல்பவர்கள் அக்கினி நட்சத்திரத்தில் நிழல் வலை கட்டத் தவற வேண்டாம்.

வானம் பார்ப்பதும் அத்தகையதே. சவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வான் ஆய்வகம் 2.3 மீட்டர் தொலைநோக்கியோடு நம் அருகிலேயே இருக்கிறது. ஊரடங்கில் அங்கே போக முடியாவிட்டாலும் மாடிக்குப் போக முடியும். 2020 டிசம்பர் 21 மாலை வியாழனும் சனியும் பத்தில் ஒரு பாகை இடைவெளிக்கு நெருங்கி வந்ததைத் தென்மேற்கு வானில் வெறும் கண்ணாலேயே பார்க்க முடிந்தது.

பெண்களின் ஓய்வு பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

கணக்கெடுப்பவர்களின் கண்ணில் அது படுவதில்லை. ஆண்களின் பொழுதுபோக்குக்கு மைதானம், டீக்கடை, மன்றம் என்று இடம் இருந்தது. அது மூடப்பட்டது வெளிப்படையாகத் தெரிந்தது. பல பெண்களுக்கு மற்றவர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு கிடைத்த பதினொரு மணி முதல் இரண்டு மணி வரையிலான அமைதியே ஓய்வு. எல்லோரும் வீட்டில் இருந்தபோது அந்த மூன்று மணி நேரமும் இன்னொரு சமையலாக மாறியது. கோயிலும் மூடியிருந்ததால் மாலை வெளியே போகும் ஒரே காரணமும் போயிற்று. இதற்கு அரசாணை எழுத முடியாது. வீட்டார்தான் எழுத வேண்டும். மதியச் சமையலை வாரத்தில் மூன்று நாள் மற்றவர்கள் ஏற்றுக்கொண்ட ஒரு வீட்டில், அந்த அம்மா ஆரி வேலைப்பாடு கற்றுக்கொண்டார். இன்று அது அவருக்கு வருமானமும் தருகிறது.

கைப்பேசியில் பணம் வைத்து ஆடும் ரம்மியைப் பொழுதுபோக்காகக் கருதலாமா?

கூடாது. ஊரடங்கில் தனிமையும் வருமான இழப்பும் சேர்ந்தபோது பலர் இதில் சிக்கினார்கள், உயிரிழப்புகளும் நேர்ந்தன. தமிழ்நாடு அரசு 2020 நவம்பரில் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதன் தொடர்ச்சியான சட்டத்தை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் நீக்கியது. 2023இல் புதிய சட்டம் வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. திறந்தவெளிப் பொழுதுபோக்குகள் அனைத்தையும் மூடும்போது மக்கள் எங்கே ஒதுங்குவார்கள் என்பதையும் திட்டமிடுவோர் சேர்த்தே எண்ண வேண்டும்.

அரசின் ஆயத்தம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது? நாம் எங்கே பேசலாம்?

நிதி ஆயோக்கின் வல்லுநர் குழு 2024 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கை, தொற்று தொடங்கிய முதல் 100 நாட்களில் செய்ய வேண்டியவற்றை வலியுறுத்தியது. உலக சுகாதார மாநாடு 2025 மே 20 அன்று பெருந்தொற்று உடன்படிக்கையை ஏற்றது. கண்காணிப்பு, தடுப்பூசி, மருந்து ஆகியவையே இவற்றின் உயிர்நாடி. அப்படித்தான் இருக்க வேண்டும். நடை, நூல், மைதானம் ஆகியவற்றை உள்ளூர்த் திட்டத்தில் நாம்தான் சேர்க்கச் சொல்ல வேண்டும். கிராமங்களில் அதற்குரிய இடம் கிராம சபை; ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. நகரங்களில் பகுதி சபை இருக்கிறது. "எங்கள் ஊரில் தொற்று வந்தால் எந்த மைதானம் காய்கறிச் சந்தையாகும், எது பிள்ளைகளுக்கு மிஞ்சும்?" என்று ஒரே கேள்வியை எழுதிக் கொடுங்கள். 2020இல் பல ஊர்களில் மைதானங்கள் சந்தைகளாயின. பிள்ளைகளுக்கு எது என்பதை யாரும் கேட்கவில்லை.

மீன் தொட்டியும் பறவைகளும் வைத்திருப்பவர்கள்?

ஒரு மாதத் தீவனம் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். தொட்டியின் மோட்டாருக்கு மாற்று ஒன்று வாங்கி வையுங்கள். ஊரடங்கில் தீவனக் கடை திறந்திருக்கும், மோட்டார் கடை திறந்திருக்காது.

நீண்ட நாள் ஆடாமல் இருக்கும் கேரம் பலகையை எப்படிப் பாதுகாப்பது?

இதைத்தான் அதிகம் பேர் கேட்டார்கள். எங்கள் பலகை 2020இல் மன்றத்தின் ஈரச் சுவரில் சாய்த்தபடி எட்டு மாதம் கிடந்தது. எடுத்துப் பார்த்தபோது கீழ்ச் சட்டத்தைக் கறையான் அரித்திருந்தது. ஒரு மூலை ஊதி எழும்பியதால் ஸ்ட்ரைக்கர் தானாகவே இடப்பக்கம் வழுக்கிச் சென்றது. மேலே மிஞ்சிய போரிக் பவுடரை முதலில் உலர்ந்த துணியால் துடைத்து எடுக்க வேண்டும். ஈரத்துணி கூடவே கூடாது. பிறகு பழைய வேட்டியால் சுற்றி, தரையையும் சுவரையும் தொடாமல், ஆணியில் மாட்டியோ மரக்கட்டைகளின் மேல் நிறுத்தியோ வைக்க வேண்டும். மாதம் ஒரு முறை இறக்கி நிழலில் காற்றாட விடுங்கள். காய்களையும் ஸ்ட்ரைக்கரையும் தனி டப்பாவில் போட்டு, சாவி இருக்கும் ஒருவர் வீட்டில் கொடுத்துவையுங்கள். மன்றம் பூட்டப்பட்டாலும் யார் வீட்டு மாடியிலாவது ஆட்டம் நடக்கும்.